போர்க்களத்துக்கு அப்பாற்பட்ட வீரம்

(உரையின் எழுத்து வடிவம்)

படைவீரனின் வீரம் என்றவுடன் போர்க்களமே மனக்கண்ணில் தோன்றுகிறது. பகைவர் முன் புறமுதுகு காட்டாது நின்றவனைப் போற்றும் மரபு இந்நாட்டில் மிகப் பழமையானது. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்து வழிபட்டனர் நம் முன்னோர். ஆயினும் அந்நடுகற்களை ஊன்றி நோக்குவோர்க்கு மற்றோர் உண்மையும் புலனாகும். அவற்றுள் சில, போரில் மடிந்தவர்க்கு எடுக்கப்பட்டவை அல்ல. ஊருக்குள் புகுந்த புலியோடு பொருது உயிர்நீத்தவனுக்கும் கல் நாட்டினார்கள். ‘புலிகுத்திக் கல்’ என்று மக்கள் இன்றும் அவற்றை வழங்குகின்றனர். பகையரசன் இல்லை, படை இல்லை, வெற்றி தோல்வி பற்றிய பேச்சும் இல்லை. பிறர் உயிரைக் காக்கத் தன்னுயிரைப் பணயம் வைத்த செயல் ஒன்றே அக்கல்லுக்குக் காரணம்.

அக்கல் உணர்த்தும் நெறியைச் சட்ட வடிவில் ஏற்றுக்கொண்டது சுதந்திர இந்தியா. போர்க்களத்துக்கு அப்பால் நிகழும் வீரச் செயல்களுக்கும், உயிர்காக்கும் அருஞ்செயல்களுக்கும் தனித்தனி விருதுகளை அரசு ஏற்படுத்தியுள்ளது. அவ்விருதுகளின் தோற்றம், அமைப்பு, அவை வழங்கப்படும் முறை, அவை எழுப்பும் சில வினாக்கள் ஆகியவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இருவகை வரிசைகள்

1950 ஜனவரி 26ஆம் நாள், நாடு குடியரசான அன்றே, பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் என்னும் மூன்று விருதுகள் நிறுவப்பட்டன. இவை 1947 ஆகஸ்ட் 15ஆம் நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்தனவாகக் கொள்ளப்பட்டன. பகைவர் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கே இவை உரியவை.

அவ்வாறாயின், பகைவர் எதிரே இல்லாத இடத்தில் உயிரைத் துச்சமாக மதித்துச் செயலாற்றும் வீரனுக்கு என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடையாக 1952 ஜனவரியில் மற்றொரு வரிசை பிறந்தது. அசோக சக்கரம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடக்கத்தில் அவை வழங்கப்பட்டன. 1967ஆம் ஆண்டில் அவற்றுக்கு அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் என்னும் பெயர்கள் சூட்டப்பட்டன. முதலாவது பொன் முலாம் பூசியது, இரண்டாவது வெள்ளியாலானது, மூன்றாவது வெண்கலத்தாலானது. மூன்றின் நாடாவும் பச்சை நிறமே. அசோக சக்கரத்தின் நாடாவில் காவி நிறக் கோடு ஒன்று. கீர்த்தி சக்கரத்தில் இரண்டு. சௌரிய சக்கரத்தில் மூன்று.

இவ்வரிசையின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, இதனைப் படையினர் மட்டுமன்றிக் குடிமக்களும் பெறலாம்; ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை. இரண்டாவது, மரியாதை வரிசையில் அசோக சக்கரம் பரம் வீர் சக்கரத்துக்கு அடுத்த இடத்தைப் பெறுகிறது. அமைதிக் காலத்து வீரம், போர்க்கால வீரத்தினின்று தாழ்ந்ததன்று என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது.

உள்நாட்டில் தீவிரவாதிகளை எதிர்த்துப் போராடும் வீரர்களுக்கும் இவ்வரிசை விருதுகளே வழங்கப்படுகின்றன. அண்மைப் பல்லாண்டுகளில் இவற்றைப் பெற்றவர்களுள் பெரும்பாலோர் அத்தகையோரே. எனவே இவ்விருதுகள் உயிர்காக்கும் செயலுக்கும் உரியவை என்பது பொதுமக்கள் நினைவிலிருந்து சற்றே மறைந்துவிட்டது எனலாம். அம்மறதியைப் போக்கச் சில வரலாறுகளை நினைவுகூர்வது பயன் தரும்.

முன்னோடிகள்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே இவ்வகை விருதுகள் இருந்தன. கடலில் உயிர் காத்தோர்க்கென 1866ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பதக்கம் ஏற்பட்டது. பின்னர் நிலத்தில் உயிர் காத்தோர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1940 செப்டம்பரில், ஜார்ஜ் சிலுவை நிறுவப்பட்டது. பகைவர் நேர் முன்னிலையில் நிகழாத பெருவீரத்துக்கு அது உரியதாயிற்று.

அவ்விருதைப் பெற்ற இந்தியருள் ஒருவர் மதராஸ் சாப்பர்ஸ் என்று வழங்கப்பெறும் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில் அவரும் தோழர்களும் கண்ணிவெடிகள் நிறைந்த நிலத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தனர். ஒரு கண்ணிவெடி இயங்கத் தொடங்கிய ஓசை கேட்டது. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன் மேல் தம் உடலைக் கிடத்தினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர்.

மற்றொருவர் நாயக் கிருபா ராம். 1945 செப்டம்பரில், உலகப்போர் முடிந்துவிட்ட நிலையில், மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த தொண்டேபாவி அருகே துப்பாக்கிப் பயிற்சி நடைபெற்றது. எறியப்பட்ட வெடிகுண்டு ஒன்று குறி தவறி, அவருடைய பிரிவினர் படுத்திருந்த இடத்துக்கு அருகிலேயே விழுந்தது. எல்லோரையும் பதுங்குமாறு கூவிக்கொண்டே அவர் ஓடி அதனைக் கையில் எடுத்தார். எறிவதற்குள் அது வெடித்தது. பயிற்சிக் களத்தில் பகைவர் எவரும் இல்லை. ஆனால் இறப்பு இருந்தது. அதனைத் தாமே ஏற்ற ஒருவரும் இருந்தார்.

எரியும் விமானமும் ஒரு விமானியும்

சுதந்திர இந்தியாவின் அசோக சக்கர வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற நிகழ்ச்சி ஒன்று, இவ்விருதின் பொருளைத் தெளிவாக விளக்குகிறது. 1952 பிப்ரவரி 3ஆம் நாள் லக்னோவிலிருந்து டில்லியை நோக்கி விமானப்படையின் சிறிய ‘டெவன்’ விமானம் ஒன்று புறப்பட்டது. அதனை ஓட்டியவர் பிளைட் லெப்டினன்ட் சுகாஸ் பிஸ்வாஸ். பயணிகளுள் லெப்டினன்ட் ஜெனரல் ஸ்ரீநாகேஷ், மேஜர் ஜெனரல் திம்மையா, மேஜர் ஜெனரல் தோராட் முதலிய தரைப்படை உயர் அதிகாரிகள் இருந்தனர்.

நடுவழியில் விமானத்தின் இயந்திரம் ஒன்றில் தீப்பற்றியது. அருகில் விமான நிலையம் ஏதுமில்லை. பிஸ்வாஸ் பதற்றமின்றி விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, சாண்டிலா அருகே திறந்த வெளியில் இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினர். அவ்விமானத்தில் இருந்த ஸ்ரீநாகேஷும் திம்மையாவும் பின்னாளில் அடுத்தடுத்துத் தரைப்படைத் தலைவர்களாயினர் என்பது குறிப்பிடத்தக்கது. பிஸ்வாஸுக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது; விமானப்படையில் அவ்விருதை முதன்முதல் பெற்றவர் அவரே.

இந்நிகழ்ச்சியில் ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. தொழில் திறனும் மன உறுதியும் ஒருங்கே அமைந்து பல உயிர்களைக் காத்தன. உயிர்காக்கும் வீரம் கண்மூடித்தனமான துணிவு அன்று. பயிற்சியால் பண்பட்ட துணிவு என்பதை மாணவர்கள் இங்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

அந்தரத்தில் ஓர் இரவு

1992 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்துப் பர்வானூ அருகே, மலைகளுக்கிடையே செல்லும் இழுவைக் கம்பி அறுந்து, கம்பிவழிப் பெட்டி ஒன்று பள்ளத்தாக்குக்கு மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே பயணிகள் சிக்கிக்கொண்டனர். ஹெலிகாப்டர் தவிர வேறு வழி இல்லை. ஆனால் ஹெலிகாப்டரோ மலைச் சரிவுக்கும் கம்பிகளுக்கும் இடையே அசையாது நிற்க வேண்டும். அதன் சுழலும் இறக்கை கம்பியைத் தொட்டால் மேலுள்ளோரும் கீழுள்ளோரும் ஒருங்கே அழிவர்.

குரூப் கேப்டன் ஃபாலி மேஜர் ஹெலிகாப்டரைச் செலுத்தினார். பாராசூட் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் ஐவன் கிராஸ்டோ கம்பி வடத்தில் தொங்கிப் பெட்டியின் கூரையில் இறங்கி உள்ளே சென்றார். ஒவ்வொருவராகக் கட்டி மேலே அனுப்பும் பணி தொடங்கியது. எல்லோரையும் மீட்பதற்குள் இருள் சூழ்ந்துவிட்டது. கிராஸ்டோ தாம் மட்டும் மேலேறிச் செல்ல எண்ணவில்லை. எஞ்சிய பயணிகளோடு அவ்விரவு முழுவதையும் அப்பெட்டியிலேயே கழித்தார். மறுநாள் மீட்புப் பணி நிறைவெய்தியது. அவருக்குக் கீர்த்தி சக்கரமும், ஃபாலி மேஜருக்குச் சௌரிய சக்கரமும் வழங்கப்பட்டன. ஃபாலி மேஜர் பின்னாளில் விமானப்படைத் தலைவராகவும் உயர்ந்தார்.

பெட்டிக்குள் இறங்கியது வீரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இறங்கியவர் இரவில் அங்கேயே தங்கியதுதான் அதனினும் பெரிய செயல். அஞ்சி நடுங்குவோர்க்கு அருகிலிருந்து ஆறுதல் அளிப்பதும் மீட்புப் பணியின் ஒரு பகுதியே.

வெள்ளமும் வானூர்தியும்

1960ஆம் ஆண்டில் முப்படைகளுக்கும் சேனா பதக்கம், நௌ சேனா பதக்கம், வாயு சேனா பதக்கம் ஆகியவை ஏற்படுத்தப்பட்டன. கடலோரக் காவற்படைக்கு 1990ஆம் ஆண்டில் தட்ரக்ஷக் பதக்கம் ஏற்பட்டது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலிய இடர்களின்போது துணிவுடன் பணியாற்றியோர் பலர் இப்பதக்கங்களைப் பெற்றுள்ளனர்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் தத்தளித்தபோது, ஆலுவா அருகே ஒரு வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் சிக்கிக்கொண்டார். கடற்படையைச் சேர்ந்த கமாண்டர் விஜய் வர்மா செலுத்திய ஹெலிகாப்டர் அவரைக் கம்பி வடத்தால் மேலே தூக்கி மருத்துவமனையில் சேர்த்தது. அன்றே ஆண் குழந்தை பிறந்தது. விஜய் வர்மாவுக்கு வீரத்துக்கான நௌ சேனா பதக்கம் கிட்டியது. 2021 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் திடீர் வெள்ளம் ஏற்பட்டபோது, ஹெலிகாப்டர் விமானி தீபிகா மிஸ்ரா மேற்கொண்ட பணிகளின் விளைவாக 47 பேர் மீட்கப்பட்டனர். வீரத்துக்கான வாயு சேனா பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அதிகாரி அவரே.

இத்தகைய பணிகள் எளியவை என்று எண்ணுவோர் 2013ஆம் ஆண்டு உத்தராகண்ட் துயரத்தை மறத்தல் ஆகாது. அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் கௌரிகுண்ட் அருகே மீட்புப் பணியிலிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. விமானப்படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஆகியவற்றைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர். அவர்கள் காக்கச் சென்றது நாட்டின் எல்லையை அன்று. வழி தெரியாது மலையில் தவித்த யாத்திரிகர்களை.

ஆயுதம் ஏந்தாதோர்

ஆயுதம் இன்றியும் வீரம் நிகழ்கிறது. 2010 பிப்ரவரி 26ஆம் நாள் காபூல் நகரில் இந்தியர் தங்கியிருந்த விடுதியைத் தீவிரவாதிகள் தாக்கினர். இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் அங்கே இருந்தார். அவர் மருத்துவர், கையில் ஆயுதம் இல்லை. தாக்கியவனை அவர் வெறுங்கைகளால் பற்றிக்கொண்டார். அவன் உடலில் கட்டியிருந்த வெடிகுண்டு வெடித்து இருவரும் மாண்டனர். உடனிருந்தோர் உயிர் பிழைத்தனர். 2011ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் அவருக்கு மறைவுக்குப்பின் அசோக சக்கரம் அளிக்கப்பட்டது.

குடிமக்களும் இவ்வரிசைக்கு உரியவர் என்பதற்கு நீரஜா பனோட் சான்று. 1986 செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்த அவர், பயணிகள் தப்பிச்செல்ல உதவுகையில் சுடப்பட்டு இறந்தார். அசோக சக்கரம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அப்போது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை.

கடமையும் கடமைக்கு அப்பாலும்

வீரம் என்பதன் கீழ் அடங்காது, உயிர்காத்தல் ஒன்றையே கருத்திற் கொண்ட விருது வரிசையும் உண்டு. 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் அவை. சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக், உத்தம் ஜீவன் ரக்ஷா பதக், ஜீவன் ரக்ஷா பதக் என்று மூன்று நிலைகள் இதில் உள்ளன. நீரில் மூழ்குதல், தீ, மின்தாக்குதல், நிலச்சரிவு, சுரங்க விபத்து முதலியவற்றிலிருந்து பிறரைக் காத்தோர்க்கு இவை உரியவை. காத்தவர் ஏற்ற இடரின் அளவைக் கொண்டு நிலை தீர்மானிக்கப்படுகிறது.

இவ்விருதின் விதியொன்று சிந்தனைக்குரியது. படையினர், காவல் துறையினர், தீயணைப்புப் படையினர் ஆகியோரும் இதனைப் பெறலாம். ஆனால் அச்செயல் அவர்தம் கடமையின் பாற்பட்டதாக இருத்தல் கூடாது. விடுமுறையில் ஊருக்கு வந்த சிப்பாய் ஒருவன் குளத்தில் மூழ்கும் சிறுவனைக் காப்பாற்றினால் அவன் இதற்கு உரியவன். வெள்ள நிவாரணப் பணிக்கு அனுப்பப்பட்ட அதே சிப்பாய் அதே சிறுவனைக் காத்தால், அவனுக்குரிய விருது வேறு வரிசையில் தேடப்பட வேண்டும்.

இவ்வேறுபாடு நியாயமானதா? கடமையைச் செய்தவனுக்கு ஊதியம் உண்டு. விருது எதற்கு என்று கேட்போர் உளர். ஊதியம் உழைப்புக்கு உரியது. உயிருக்கு விலை எந்த ஊதியப் பட்டியலிலும் இல்லை என்பதே அதற்கு விடை. ஆயினும் எல்லைக்கோடு ஒன்று வேண்டும். கட்டளையை நிறைவேற்றியது மட்டுமே விருதுக்குப் போதாது. கட்டளை எதிர்பார்த்த அளவுக்கு மேலே ஒருவன் சென்றானா என்பதே உரைகல்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1989 நவம்பரில் மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதியில் நிகழ்ந்தது. மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர் பலர் அடியில் சிக்கினர். நிலத்தில் புதிய துளையிட்டு, ஓர் ஆள் நிற்கும் அளவுள்ள எஃகுக் கூண்டை இறக்கி அவர்களை மீட்பதென முடிவாயிற்று. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், கூண்டைச் செய்வித்ததோடு நிற்கவில்லை. தாமே அதில் ஏறிக் கீழே இறங்கினார். 65 பேரும் ஒருவர் பின் ஒருவராக மேலே வந்தபின்னரே அவர் வெளிவந்தார். மேலே நின்று மேற்பார்வையிடுவது அவர் கடமையாக இருந்திருக்கலாம். கீழே இறங்கியது கடமைக்கு அப்பாற்பட்டது. 1991ஆம் ஆண்டில் அவருக்குச் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக் வழங்கப்பட்டது.

காலந்தாழ்ந்த நீதி

பிற நாடுகளிலும் இத்தகைய விருதுகள் உள்ளன. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டில் ‘சோல்ஜர்ஸ் மெடல்’ நிறுவப்பட்டது. பகைவரோடு மோதலின்றிக் காட்டும் வீரத்துக்கு அது உரியது. அவ்விருது வழங்கப்பட்ட வரலாறு ஒன்று உலகுக்கே பாடமாகும்.

1968 மார்ச் 16ஆம் நாள் வியத்நாமில் மை லாய் என்னும் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் ஆயுதமற்ற மக்களைச் சுட்டுக் கொன்றனர். வானில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் விமானி ஹ்யூ தாம்ப்சன் அதனைக் கண்டார். தம் நாட்டுப் படையினருக்கும் தப்பியோடும் கிராமத்தாருக்கும் இடையே ஹெலிகாப்டரை இறக்கி, மக்கள் சிலரைக் காப்பாற்றினார். அவருடனிருந்த வீரர்கள் லாரன்ஸ் கோல்பர்ன், கிளென் ஆண்ட்ரியோட்டா ஆகியோர். மூவருக்கும் சோல்ஜர்ஸ் மெடல் 1998ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. ஆண்ட்ரியோட்டா அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே போரில் இறந்துவிட்டார்.

முப்பது ஆண்டு தாமதத்துக்குக் காரணம் என்ன? வீரச் செயலுக்குச் சாட்சி இல்லாமல் இல்லை. சாட்சியை ஏற்க விருப்பமில்லாமல் இருந்தது. எதிரியை வீழ்த்தியவனைப் போற்றுவது எந்த அரசுக்கும் எளிது. தன் பக்கத்தாரின் தவற்றைத் தடுத்து உயிர் காத்தவனைப் போற்றுவதற்கு மிகுந்த நேர்மை வேண்டும்.

எழுதுகோலின் பொறுப்பு

இந்நாட்டின் நிலைக்கு வருவோம். விருதுகள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு விருதுக்கும் பின்னால் ஒரு கோப்பு உண்டு. படையில் மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். அது படிப்படியாக மேலே சென்று ஆராயப்பட வேண்டும். ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்கு மாநில அரசு அல்லது மத்திய அமைச்சகம் பரிந்துரைக்க வேண்டும். அம்மாநிலப் பரிந்துரையின் வேர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் உள்ளது. செயல் நிகழ்ந்து இரண்டாண்டுகளுக்குள் பரிந்துரை செல்ல வேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. போர்க்களத்தில் நிகழும் வீரத்தைப் படைத் தலைவன் காண்கிறான். அன்று மாலையே அறிக்கை எழுதப்படுகிறது. ஆனால் ஆற்றங்கரையில், இரயில் பாதையில், எரியும் குடிசையில் நிகழும் வீரத்தைக் காண்பவர் யார்? காப்பாற்றப்பட்ட குழந்தை சாட்சி சொல்லாது. கூடி நின்றோர் கலைந்துவிடுவர். காத்தவரோ பெரும்பாலும் தம் செயலைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் இறந்துவிட்டாலோ பேசவே இயலாது. அவருடைய குடும்பத்தார் விதிகளை அறியார். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்பதும் அறியார்.

ஆகவே, அரசு அலுவலரின் எழுதுகோல் இங்கு சிறு கருவி அன்று. நிகழ்ந்த நாள், இடம், நீரின் ஆழம் அல்லது தீயின் பரப்பு, காத்தவர் ஏற்ற இடர், கண்ணுற்றோர் வாக்குமூலம் ஆகியவற்றைச் சில வாரங்களுக்குள் திரட்டி வைத்தால், ஒரு குடும்பத்துக்கு உரிய பெருமை அதனிடம் சேரும். திரட்டாது விட்டால் அச்செயல் அச்சிற்றூரின் பேச்சோடு முடிந்துவிடும். மிகைப்படுத்தி எழுதுவதும் தவறே. தகுதியற்றவர்க்குக் கிட்டும் ஒரு பதக்கம், தகுதியுடையோர் அனைவரின் பதக்கத்தையும் மாசுபடுத்தும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நீச்சல், முதலுதவி, தீத்தடுப்பு ஆகியவற்றில் பயிற்சி பெறாத துணிவு, சிலவேளை ஓர் உயிருக்குப் பதில் இரண்டு உயிர்களைப் பலிகொள்ளும். இவ்வுரையில் கூறப்பட்டோருள் விமானி தம் விமானத்தை அறிந்திருந்தார். பொறியாளர் தம் சுரங்கத்தை அறிந்திருந்தார். படைவீரர் தம் வடத்தின் வலிமையை அறிந்திருந்தார். அறிவு துணிவுக்குத் துணை நின்றது.

விருது பெற்றவர்களின் பெயர்கள் ஆண்டுதோறும் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் நாளிதழ்களில் வெளிவருகின்றன. மிகச் சிலரே அவற்றை முழுதும் படிக்கின்றனர். பகைவரை வென்றோரின் பெயர்களுக்கிடையே, எவரையும் கொல்லாது பலரை வாழவைத்த சிலரின் பெயர்களும் அங்கே உள்ளன. புலிகுத்திக் கல்லை நாட்டிய ஊரார், அதன் கீழ் துயில்பவன் எத்தனை பேரைக் காத்தான் என்று கணக்கிட்டுக் கொண்டிருக்கவில்லை. அவன் செயலை மறவாதிருக்க ஒரு கல்லைத் தேடினார்கள். இன்றைய அரசுக்கு அக்கல்லின் இடத்தில் இருப்பது ஒரு பதக்கம். அதனைச் செதுக்கத் தொடங்குவது, எங்கோ ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிய நாளில் எழுதப்படும் ஒரு பக்க அறிக்கை.